பால்வினைத் தொற்றுக்கு விரைவுப் பரிசோதனைக் கிட்: ஆய்வகத்திலிருந்து உரிமம் வரை எதை எந்த வரிசையில் செய்வது?

சிபிலிஸ் போன்ற பால்வினைத் தொற்றை விரல் நுனி ரத்தத்தில் இருபது நிமிடத்துக்குள் காட்டிக்கொடுக்கும் மலிவான கிட் ஒன்றை இந்தியாவிலேயே தயாரித்து, உரிமம் வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோக வேண்டும் என்று கிளம்பியவர்களில் நானும் ஒருவன். ஆய்வகத்தில் கோடு தெரிய வைப்பது சீக்கிரமே நடந்துவிட்டது. அதற்கப்புறம்தான் இழுபறி: மாதிரி சேகரிப்பு, நெறிமுறைக் குழு, நிலைத்தன்மைச் சோதனை, படிவங்கள், தொழிற்கூட ஆய்வு. விதிகள் எல்லாம் வெளியே கிடைக்கின்றன. ஆனால் எந்த வேலையை எதற்கு முன்னால் தொடங்க வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக சிபிலிஸ் கிட்டையே வைத்துக்கொள்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2022இல் மட்டும் சுமார் 80 லட்சம் பேருக்குப் புதிதாக சிபிலிஸ் வந்திருக்கிறது. கர்ப்பிணிக்கு இருந்து கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது தொற்றோடு பிறக்கலாம். ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடித்தால் 24 லட்சம் யூனிட் பென்சதீன் பென்சிலின் ஒரே தடவை போட்டால் போதும். மருந்து இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. யாருக்குப் போட வேண்டும் என்பது அந்த இடத்திலேயே தெரியாததுதான் பிரச்சினை. ரத்தத்தை எடுத்துக்கொண்டு, 'முடிவுக்கு அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பினால் பலர் திரும்பி வருவதில்லை.

1. பயன்பாட்டு நோக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஸ்ட்ரிப்பை, அதாவது கோடு தெரியும் பட்டையை, தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். யாருக்குப் பரிசோதனை, எந்த மாதிரி, யார் செய்வார், எந்த இடத்தில், பாசிட்டிவ் வந்தால் அடுத்து என்ன. இந்த ஐந்துக்கும் பதில் வேண்டும். எடுத்துக்காட்டு: 'கர்ப்பிணிகளிடம், விரல் நுனி ரத்தத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் செய்யும் முதற்கட்டப் பரிசோதனை, பாசிட்டிவ் வந்தவருக்கு ஆர்.பி.ஆர். பரிசோதனையும் சிகிச்சையும்.' (ஆர்.பி.ஆர். என்பது நோய் இப்போது செயலில் உள்ளதா என்று அறிய உதவும் ரத்தப் பரிசோதனை.) பின்னால் வரும் உரிம வகுப்பு, மாதிரி எண்ணிக்கை, லேபிள், விலை எல்லாமே இந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும்.

இங்கேயே மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, மாதிரி. சேமித்து வைத்த சீரம் கிடைப்பது சுலபம் என்பதால் எல்லாச் சோதனையையும் சீரத்தில் முடித்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் லேபிளில் விரல் நுனி ரத்தம் என்று போட முடியாது. சீரம் பிரிக்க சென்ட்ரிஃபியூஜ் வேண்டும். அது இல்லாத இடத்துக்காகத்தான் இந்தக் கிட்டையே செய்கிறீர்கள்.

இரண்டாவது, எதைக் கண்டுபிடிக்கிறது என்பது. சந்தையில் இருக்கும் பெரும்பாலான சிபிலிஸ் ஸ்ட்ரிப்கள் ட்ரெபோனிமா கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் பிடிக்கின்றன. சிகிச்சை எடுத்துக் குணமானவருக்கும் அந்த ஆன்டிபாடி பல வருடம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க, ரத்தத்தில் இருக்கும். எனவே கோடு தெரிந்தால் 'இப்போது நோய் இருக்கிறது' என்று பொருள் இல்லை. இதைப் பயன்பாட்டு நோக்கத்திலும் கிட்டோடு வரும் விளக்கத் தாளிலும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, ஆசை. 'கொனோரியா, கிளமிடியா எல்லாவற்றையும் ஒரே ஸ்ட்ரிப்பில் போட்டுவிடலாம்' என்று யாராவது சொல்வார்கள். அந்த இரண்டுக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துப் பயனில்லை. ஆன்டிஜென் (கிருமியின் பகுதி) பார்க்கும் ஸ்ட்ரிப்கள் அறிகுறி இல்லாதவர்களிடம் நிறையத் தவறவிடுகின்றன. நம்பகமாகப் பார்க்க மூலக்கூறு பரிசோதனை வேண்டும். அதற்குக் கருவி வேண்டும். விலை வேறு உலகம். புதிதாக வருகிறவர்கள் சிபிலிஸ், அல்லது எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் சேர்ந்த இரட்டைக் கிட், இந்த இரண்டில் ஒன்றோடு தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

பால்வினைத் தொற்றுப் பரிசோதனைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட இலக்குப் பண்பு ஆவணத்தை (டார்கெட் புராடக்ட் ப்ரொஃபைல்)த் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உணர்திறன் (தொற்று உள்ளவரைப் பிடிக்கும் திறன்), துல்லியம் (தொற்று இல்லாதவருக்கு நெகட்டிவ் காட்டும் திறன்), விலை, சேமிப்பு வெப்பநிலை என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு, விரும்பத்தக்கது எவ்வளவு என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். நிதி கேட்கும்போதும் டெண்டரின்போதும் அதைத்தான் எடுத்துக் கேட்பார்கள்.

2. விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

எச்.ஐ.வி.-சிபிலிஸ் இரட்டைக் கிட் ஒன்றின் விலை 2021இல் ஏற்பட்ட உலகளாவிய ஒப்பந்தம் ஒன்றால் வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளுக்கு ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அதுதான் உங்கள் போட்டி.

புதியவர்கள் செலவு முழுக்க ஆன்டிஜெனிலும் கோட்டுக்கு நிறம் தரும் தங்கத் துகளிலும் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். ஸ்ட்ரிப்பில் போகும் அளவு மிகச் சிறியது. பிளாஸ்டிக் கேசட், அலுமினியப் பை, சிலிக்கா ஜெல், லேன்செட், பிப்பெட், பஃபர் பாட்டில், அச்சடித்த தாள், அட்டைப் பெட்டி ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். பல நேரம் அந்தத் தொகை ஸ்ட்ரிப்பைத் தாண்டிவிடும். 25 பரிசோதனைக்கு ஒரே பஃபர் பாட்டில் வைப்பதா, தனித்தனிக் குப்பி வைப்பதா என்பது சின்ன முடிவு மாதிரி தெரியும். விலையை அது கணிசமாக மாற்றும். பேட்சில் கழிவாகப் போகும் ஸ்ட்ரிப்பையும் செலவில் சேருங்கள். பரிசோதனைக் கிட்களுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய மாதிரிக் கணக்குகளை நகலெடுத்தால் இதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

3. எந்த வகுப்பு என்று உறுதிசெய்யுங்கள்

மருத்துவக் கருவிகள் விதிகள், 2017இன்படி கிட்கள் ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பு. பால்வினைத் தொற்றைக் கண்டறியும் கிட் குறைந்தது சி வகுப்பு. ரத்த தானத்தில் வரும் ரத்தத்தைச் சோதிக்கவும் பயன்படும் என்று ஒரு வரி சேர்த்தால் டி. விற்பனைக்கு நல்லது என்று அந்த வரியைச் சேர்க்காதீர்கள். கேட்கப்படும் ஆதாரம் பல மடங்காகும். சி, டி இரண்டுக்கும் உரிமம் தருவது டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு (சி.டி.எஸ்.சி.ஓ.). மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம்; அவர்கள் பார்ப்பது ஏ, பி மட்டும்.

இன்னொன்று: அதே தொற்று, அதே தொழில்நுட்பத்தில் ஏற்கெனவே உரிமம் பெற்ற கிட் இந்தியாவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதை எளிது. இல்லாவிட்டால் அது 'புதிய' கிட்; எம்.டி-24 படிவத்தில் செயல்திறன் ஆய்வுக்கு அனுமதி, எம்.டி-28 படிவத்தில் தயாரிப்புக்கு அனுமதி என்று தனி வழி போக வேண்டும்.

4. எம்.டி-12: இதை முதலில் போடுங்கள்

சோதனைக்காகக் கொஞ்சமாகத் தயாரிக்கவும் உரிமம் வேண்டும். எம்.டி-12 விண்ணப்பம், எம்.டி-13 உரிமம். ஒரு கிட்டுக்குக் கட்டணம் ரூ. 500. மூன்று வருடம் செல்லும். கிட்டின் விவரம், தயாரிக்கப்போகும் அளவு, எதற்காக, எந்த இடத்தில், யார் பொறுப்பு, என்னென்ன உபகரணம் இருக்கிறது என்ற தகவல்கள் தர வேண்டும். விண்ணப்பமும் கட்டணமும் இணையவழியில்.

ஆய்வகத்தில் நன்றாக வந்துவிட்டது என்று தெரிந்த மருத்துவரிடம் பத்துக் கேசட்டைக் கொடுத்து நோயாளிகளிடம் பார்க்கச் சொல்வது நடக்கிற விஷயம்தான். எம்.டி-13 இல்லாமல் அப்படிக் கொடுத்து எடுத்த தரவு எதற்கும் உதவாது. பின்னால் கோப்பில் தேதி பார்க்கும்போது அது கேள்வியாகவும் திரும்பி வரும்.

5. பொருள், ஈரம், காலாவதி

சிபிலிஸுக்கு டி.பி.என்-15, 17, 47 ஆகிய மறுசேர்க்கை ஆன்டிஜென்கள் (ஆய்வகத்தில் தயாரித்த கிருமிப் புரதங்கள்) தான் வழக்கம். நைட்ரோசெல்லுலோஸ் மெம்பிரேன் (ரத்தம் ஓடிக் கோடு தெரியும் வெள்ளைத் தாள்) பெரும்பாலும் இறக்குமதி. ஹரியானாவின் அம்பாலாவிலும் தயாராகிறது. எங்கே வாங்கினாலும் ஒரே லாட்டை வைத்து எல்லா வேலையையும் முடிக்காதீர்கள். லாட் மாறினால் ரத்தம் ஓடும் வேகம் மாறும். வேகம் மாறினால் மெல்லிய கோடு காணாமல் போகும். ஆன்டிஜெனும் மெம்பிரேனும் குறைந்தது இரண்டு மூன்று லாட்டில் பார்த்துவிட்டு வடிவத்தை உறுதி செய்யுங்கள்.

அப்புறம் ஈரம். சென்னை மாதிரி ஊரில் இது பெரிய தலைவலி. ஷீட்டை ஒட்டி, வெட்டி, கேசட்டில் வைத்துப் பையை மூடும் வரை அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. ஏ.சி. போட்டால் போதாது, டீஹியூமிடிஃபயர் வேண்டும். மழை நாளில் கதவைத் திறந்து போட்டு வெட்டிய ஷீட்டை நான் பார்த்திருக்கிறேன்: கிட் வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு ஒழுங்காக வந்தது, ஆனால் நெகட்டிவ் மாதிரியிலும் டெஸ்ட் கோடு இருக்கும் இடத்தில் புகை மாதிரி ஒரு சாம்பல் நிழல். பதினைந்தாவது நிமிடத்தில் அதைப் பார்க்கும் செவிலியர் என்ன எழுதுவார்? அந்த ஒரு நிழலால் ஒரு கர்ப்பிணியின் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறைக்குச் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விட முக்கியம் நிலைத்தன்மைச் சோதனை. கிட் 24 மாதம் கெடாது என்று நிரூபிக்க 24 மாதம் ஆகும். அதற்குக் குறுக்கு வழி இல்லை. கூடுதல் வெப்பத்தில் வைத்துச் செய்யும் துரித சோதனை ஆரம்பத்தில் கைகொடுக்கும். ஆனால் நிகழ்நேரத் தரவு பின்னாலேயே வந்துகொண்டிருக்க வேண்டும். எனவே வடிவம் உறுதியான அன்றே மூன்று பேட்சை எடுத்து அலமாரியில் வைத்துக் கடிகாரத்தை ஓட விடுங்கள். திறந்த பஃபர் பாட்டில் எத்தனை நாள் தாங்கும், பையைப் பிரித்த கேசட் எத்தனை நிமிடம் தாங்கும், வேன் குலுக்கலுக்கும் வெயிலுக்கும் பிறகு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. மாதிரிகளும் நெறிமுறைக் குழுவும்

பதிவு பெற்ற நெறிமுறைக் குழு உள்ள மருத்துவமனையோடு ஒப்பந்தம் போடுங்கள். தேவைப்படும் காகிதங்கள்: ஆய்வுத் திட்டம், தமிழில் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும், ஆய்வாளரின் தன்விவரம், எம்.டி-13 நகல், ஒப்பந்த வரைவு, மாதிரி எப்படிச் சேமிக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்ற குறிப்பு. குழு தினமும் கூடாது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருப்புதான். ஒப்புதல் படிவத்தின் தமிழை நீங்களே எழுதுங்கள். வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்த படிவம் யாருக்கும் புரியாது. குழுவும் திருப்பி அனுப்பும்.

எச்.ஐ.வி. சேர்ந்த கிட் என்றால் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் பொருந்தும். சம்மதம், ரகசியம், ஆலோசனை மூன்றும் கட்டாயம். பாசிட்டிவ் வந்தவரை நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) சேர்க்கும் வழியைத் திட்டத்திலேயே எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பதானால் போக்சோ சட்டத்தின் கட்டாயத் தகவல் கடமை குறுக்கே வரும். அதைக் குழுவின் சட்ட உறுப்பினரிடம் முன்கூட்டியே பேசாமல் ஒருவரையும் சேர்க்க வேண்டாம்.

எத்தனை மாதிரி? முப்பது பாசிட்டிவில் முப்பதையும் பிடித்துவிட்டால் '100 சதவீதம்' என்று எழுதத் தோன்றும். புள்ளியியல்படி உண்மையான உணர்திறன் 88 சதவீதமாகக்கூட இருக்கலாம். நூற்றுக்கு நூறு என்றால் கீழ் எல்லை 96. இருநூற்றுக்கு இருநூறு என்றால் 98. ஆயிரத்தில் ஐந்து பேருக்குத் தொற்று இருக்கும் இடத்தில் இருநூறு பாசிட்டிவ் கிடைக்க 40,000 பேரைச் சோதிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் பாசிட்டிவ்களைச் சுகவாழ்வு மையங்களிலிருந்தும் (அரசின் பால்வினைத் தொற்றுச் சிகிச்சை மையங்கள்) பெரிய மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளிலிருந்தும் சேகரிக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியின் பால்வினை நோயியல் நிலையம் போன்ற இடங்களில் இதில் ஊறிய மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

துல்லியத்தைப் பற்றி ஒரு கணக்கு. அதே ஆயிரத்தில் ஐந்து என்ற நிலையில் 10,000 கர்ப்பிணிகள். உணர்திறன், துல்லியம் இரண்டும் 98 சதவீதம் என்று வையுங்கள். தொற்றுள்ள 50 பேரில் 49 பேரைக் கிட் பிடிக்கும். தொற்று இல்லாத 9,950 பேரில் 199 பேருக்குத் தவறாகக் கோடு காட்டும். அதாவது பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட ஐந்து பேரில் நான்கு பேருக்கு நோயே இல்லை. துல்லியத்தை 99.5க்கு உயர்த்தினால் தவறான பாசிட்டிவ் 50 ஆகக் குறையும். பால்வினை நோய் என்ற பெயர் ஒரு பெண்ணின் மேல் விழுந்தால் அது ஒரு எண்ணோடு முடிவதில்லை. எனவே கோடு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆன்டிஜெனைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கர்ப்பிணிகள், முடக்குவாதக் காரணி உள்ளவர்கள், டெங்கு, எலிக்காய்ச்சல் வந்தவர்கள் ஆகியோரின் மாதிரிகளில் தவறான கோடு வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

கோட்டைப் படிக்க இருவரை வையுங்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியக் கூடாது. ஆய்வகத் தொழில்நுட்பர்களோடு நிறுத்தாமல், கிட்டை உண்மையில் கையாளப்போகும் செவிலியர்களையும் படிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தில் தெரிந்த மெல்லிய கோடு சுகாதார நிலையத்தின் ஒற்றை டியூப்லைட்டில் தெரிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

7. மூன்று பேட்ச், வெளி ஆய்வகம்

உங்கள் தரவு மட்டும் போதாது. நொய்டாவில் உள்ள தேசிய உயிரியல் பொருள் நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அடுத்தடுத்த மூன்று பேட்ச்களின் செயல்திறன் அறிக்கை வாங்க வேண்டும். அனுப்புவதற்கு முன்பு கேட்டுக்கொள்ள வேண்டியவை: பேட்ச் ஒன்றுக்கு எத்தனை கிட், கட்டணம் எவ்வளவு, வரிசையில் முன்னால் எத்தனை பேர், மீதம் எவ்வளவு ஆயுள் இருக்க வேண்டும். ஒரே நாளில் தயாரித்து மூன்று எண் போட்ட பேட்சை அனுப்பாதீர்கள். பேட்ச் பதிவேட்டைக் கேட்பார்கள்.

8. எம்.டி-7: தயாரிப்பு உரிமம்

விண்ணப்பம் எம்.டி-7, உரிமம் எம்.டி-9. கட்டணம் ஒரு தயாரிப்பிடத்துக்கு ரூ. 50,000, ஒவ்வொரு கிட்டுக்கும் ரூ. 1,000. கையில் இருக்க வேண்டியவை:

- நிறுவனப் பதிவு ஆவணங்கள், இடத்தின் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம்
- தொழிற்கூடக் கோப்பு, கிட் பற்றிய முதன்மைக் கோப்பு
- மருத்துவக் கருவிகள் விதிகளின் ஐந்தாம் அட்டவணைப்படி தர மேலாண்மை முறை (ஐ.எஸ்.ஓ. 13485 சான்று இருந்தால் வேலை சுலபம்)
- ஐ.எஸ்.ஓ. 14971படி இடர் பகுப்பாய்வு
- எம்.டி-13 நகல், வெளி ஆய்வக அறிக்கை, நிலைத்தன்மைத் தரவு
- லேபிள், விளக்கத் தாள் வரைவு
- தயாரிப்புக்கும் சோதனைக்கும் பொறுப்பானவர்களின் சான்றிதழ், அனுபவச் சான்று

கடைசி வரியில் பலர் மாட்டுகிறார்கள். பட்டதாரி என்றால் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவக் கருவித் தயாரிப்பிலோ சோதனையிலோ அனுபவம் வேண்டும். புதிதாகப் படித்து முடித்தவர்கள் மட்டும் இருக்கும் ஸ்டார்ட்அப்பில் அப்படி ஒருவரும் இருக்க மாட்டார். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் தேடினால் கிடைக்காது.

விதிப்படி விண்ணப்பித்த 60 நாளுக்குள் ஆய்வுக்கு வர வேண்டும். அறிக்கை கிடைத்த 45 நாளுக்குள் முடிவு. நடுவில் கேள்வி கேட்டால் நீங்கள் பதில் தரும் வரை கோப்பு நகராது. விளக்கத் தாளில் ஒரு வெப்பநிலை, நிலைத்தன்மை அறிக்கையில் வேறொன்று என்பது போன்ற முரண்தான் அதிகமாகக் கேள்வியாக வரும். அனுப்புமுன் எல்லாக் கோப்பையும் ஒருவரே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

சொந்தக் கூடம் கட்டப் பணம் இல்லையா? கடன் உரிமம் என்ற வழி இருக்கிறது: எம்.டி-8 விண்ணப்பம், எம்.டி-10 உரிமம். ஏற்கெனவே உரிமம் உள்ளவரின் கூடத்தில் உங்கள் கிட்டைத் தயாரிக்கலாம். முதல் கிட்டுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். ஒப்பந்தத்தில் மட்டும் ஆன்டிஜென் கலவை யாருடையது, பேட்ச் கெட்டால் செலவு யாருடையது என்ற இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

9. பணம்

மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்ப ஊக்குவிப்பு அமைப்பான பைராக்கின் 'பிக்' நிதி 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்கு. ஜனவரி, ஜூலை மாதங்களில் விண்ணப்பம் கோருவார்கள். முதல் வடிவத்துக்கு அது போதும். உரிமம் வரை போதாது. வெளி ஆய்வகம், மாதிரி சேகரிப்பு, ஈரம் இல்லாத அறை மூன்றுக்கும் தனியாக ஒதுக்குங்கள். டி.பி.ஐ.ஐ.டி.யின் (மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை) ஸ்டார்ட்அப் அங்கீகாரம் இருந்தால் காப்புரிமை விண்ணப்பக் கட்டணம் இணையவழியில் ரூ. 8,000க்குப் பதில் ரூ. 1,600.

10. வாங்குபவர்

இந்தக் கிட்டைப் பெரும்பாலும் அரசுதான் வாங்கும்: தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, தமிழ்நாட்டில் மருத்துவப் பணிகள் கழகம், ஜெம் தளம் (மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளம்). பழைய டெண்டர் ஆவணங்களைக் கிட் வடிவமைக்கும்போதே படியுங்கள். கிட் வந்து சேரும்போது ஆயுளில் ஆறில் ஐந்து பங்கு மீதம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். 12 மாத ஆயுள் உள்ள கிட் என்றால் தயாரித்த இரண்டே மாதத்தில் கிடங்கில் சேர்ந்திருக்க வேண்டும். 24 மாதத் தரவுக்காகக் கடிகாரத்தை முன்பே ஓட விடச் சொன்னது இதற்காகவும்தான். யுனிசெஃப் போன்ற சர்வதேசக் கொள்முதலுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி தனியாக வேண்டும். அதற்கான கோப்பு முறையை ஆரம்பத்திலிருந்தே பின்பற்றினால் இரட்டை வேலை மிச்சம்.

11. உரிமம் வந்த பிறகு

ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் எடுத்துக் காலாவதி தாண்டும் வரை வையுங்கள். புகார்ப் பதிவேடு முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். எதிர்பாராத கடுமையான பாதிப்பு என்று சந்தேகம் வந்தால் 15 நாளுக்குள் சி.டி.எஸ்.சி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும். உரிமத்தைத் தக்கவைக்கும் கட்டணம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. மெம்பிரேன் விலை ஏறிவிட்டது என்று வேறு நிறுவனத்தின் மெம்பிரேனுக்கு மாறுவதானால், அது விதிகளின் ஆறாம் அட்டவணையில் பெரிய மாற்றமா என்று பாருங்கள். பெரிய மாற்றம் என்றால் முன் அனுமதி வாங்கிய பிறகே அந்த ரோலைப் பிரிக்க வேண்டும்.